காலை எட்டு மணிக்கு ஆள் மாறும்போது: வார்டு நாட்குறிப்பு

4 நவம்பர் 2024, திங்கள்

தீபாவளி கழிந்து வார்டு நிரம்பி வழிகிறது. பிசான நெல் நடவும் ஆரம்பமாகிவிட்டதால் காய்ச்சலோடு பாம்புக்கடியும் சேர்ந்து வருகிறது. ரவுண்ட்ஸில் டி.என்.பி. என்ற முதுநிலை மருத்துவப் படிப்பில் இரண்டாம் வருஷப் பிள்ளை கேஸ் ஷீட்டில் பேனாவை ஊன்றியபடியே கண் சொருகினாள். நேற்றுக் காலை எட்டு மணிக்கு வந்தவள். இன்று ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீடு.

படித்துக்கொண்டே வார்டில் வேலை பார்க்கிற ரெசிடென்ட் டாக்டருக்குத் தொடர்ந்து 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-லேயே எழுதி வைத்தது. 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த முதுநிலைப் படிப்பு விதிகள் நியாயமான வேலை நேரம் என்பதோடு நின்றுகொண்டன. எத்தனை மணி என்று சொல்லாத விதியைக் காட்டி அந்தப் பிள்ளை யாரிடம் போய் நிற்பாள்?

7 நவம்பர், வியாழன்

சேரன்மகாதேவிப் பக்கத்துச் சம்சாரி ஒருவர். ராத்திரி வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போன இடத்தில் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. இரவு டூட்டி டாக்டர் செய்ததெல்லாம் சரி. புது கண்ணாடி டியூபில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்திருக்கிறார். விஷம் ஏறியதால் ரத்தம் உறையாமல் ஓடியிருக்கிறது. உடனே விஷமுறிவு மருந்து (ஏ.எஸ்.வி.) 10 குப்பி. ஆறு மணி நேரம் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்யணும்; அப்போதும் உறையவில்லை என்றால் மறுபடி மருந்து.

அந்த ஆறு மணி நேரம் காலை எட்டரைக்கு முடிகிறது. எட்டு மணிக்கு ஆள் மாறியாயிற்று. "14-ம் பெட் பாம்புக்கடி, ஏ.எஸ்.வி. போயாச்சு, ஸ்டேபிள்." படியில் இறங்கிக்கொண்டே சொன்ன இந்த ஒரு வரிதான் கைமாறியது.

பத்து மணிக்கு நான் போனபோது அவர் வீட்டம்மாதான் கேட்டார்: "ராத்திரி பாத்த டாக்டர் காலைல திரும்ப ரத்தம் பாக்கணும்னு சொன்னாவளே, இன்னும் யாரும் வரலியே டாக்டரம்மா?"

பார்த்தோம். உறையவில்லை. ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. மறுபடி 10 குப்பி போனது. சாயங்காலச் சோதனையில் டியூபைக் கவிழ்த்தாலும் ரத்தம் கட்டியாக நின்றது. அந்த அம்மா கேட்டிருக்காவிட்டால் என்ற நினைப்பு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. போன டாக்டரும் வந்த டாக்டரும் கெட்டிக்காரர்கள். இரண்டு பேரும் நோயாளி பக்கத்தில் சேர்ந்து நிற்க ரோஸ்டரில், அதாவது டூட்டி அட்டவணையில், பத்து நிமிஷம்கூட இல்லை.

11 நவம்பர், திங்கள்

நிர்வாகக் கூட்டம். டாக்டர்கள் மனசு ஒட்டி வேலை பார்ப்பதில்லை, சேர்ந்த வேகத்தில் ராஜினாமா கொடுக்கிறார்கள் என்று குறை. அதற்கு வைத்தியமாக ஞாயிறு யோகா வகுப்பு, மாதா மாதம் சிறந்த மருத்துவர் கேடயம். யோகா நல்லதுதான். தூங்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமையில் அதற்கும் வா என்பது கொடுமை. அங்கேயே சொல்லிவிட்டேன்.

இளைய டாக்டர் பிள்ளைகளிடம் என்ன வேணும் என்று முன்னாடியே கேட்டு வைத்திருந்தேன். சம்பளத்தை யாரும் முதலில் எடுக்கவில்லை. ராத்திரி ரத்த சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோக ஓர் ஆள். பெண் டாக்டர்கள் படுக்கிற ரூமுக்குத் தாழ்ப்பாள். டிஸ்சார்ஜ் சம்மரி அடிக்க உதவி. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டால் கெஞ்ச வைக்காத ரோஸ்டர். தாழ்ப்பாளைக்கூடக் கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் மனசு எப்படி ஒட்டும்?

14 நவம்பர், வியாழன்

நேற்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவரை, நோயாளியின் மகன் கத்தியால் குத்திவிட்டான். ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சிப் பெண் டாக்டர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டார், அதற்குள் இது. மருத்துவமனை வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் போட்டாயிற்று. காவலும் வேணும், சட்டமும் வேணும். ஆனால் எங்கள் வார்டில் சத்தம் கிளம்புகிற நேரம் எனக்குத் தெரியும்: காலையிலிருந்து யாரும் விவரம் சொல்லாமல், சாயங்காலம் பில் மட்டும் வரும்போது. அப்போது எதிரே நிற்பது ஆக இளைய டாக்டர். இனி தினமும் ஐந்து மணிக்குச் சொந்தக்காரர்களிடம் சீனியர் ஒருவர் உட்கார்ந்து பேசணும். இன்று முதல் நான்.

18 நவம்பர், திங்கள்

எங்கள் மருத்துவமனை நிர்வாக இயக்குநர் எம்.டி. சாரிடம் 2014-ல் வந்த அமெரிக்க ஆய்வைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்பது மருத்துவமனைகளில், குழந்தைகள் வார்டில், ஆள் மாறும்போது சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்தினார்கள்: நோய் எவ்வளவு தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டிய வேலை, என்ன ஆனால் என்ன செய்வது, கடைசியில் கேட்டவர் திருப்பிச் சொல்வது. சிகிச்சைப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன. கூடுதல் நேரமும் ஆகவில்லை. சார் முழுசாகப் படித்தார். காலையும் இரவும் அரை மணி நேரம் இரண்டு டூட்டியும் சேர்ந்திருக்கலாம் என்றார். ஆள் மாறும்போது நிரப்ப வேண்டிய தாளைப் பிள்ளைகளையே தயார் செய்யச் சொன்னேன். "எத்தனை மணிக்கு, யார்" என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தோன்றாதது அது.

28 நவம்பர், வியாழன்

மெடிசின் யூனிட்டில் புது முறை நன்றாகப் போகிறது. சர்ஜரி யூனிட் இன்னும் படியிலேயே பேசிக்கொள்கிறது. தாழ்ப்பாள் வந்தாயிற்று. சாம்பிள் கொண்டுபோக ஆள் ராத்திரி பத்து மணி வரைதான். 36 மணி நேர டூட்டி அப்படியே இருக்கிறது. இரவுக்கென்று இன்னும் இரண்டு டூட்டி டாக்டர்கள் வராமல் அதைத் தொட முடியாது. அந்தச் செலவைக் கணக்குப் போட்டு, ராஜினாமா செய்தவர்களுக்குப் பதில் ஆள் தேடி ஆன செலவையும் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். டிசம்பர் ரோஸ்டரைப் பிள்ளைகளே போட்டார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு இருக்கிறது. இரண்டு டாக்டர்களுக்கான பதில் அடுத்த கூட்டத்தில் வரணும். வராவிட்டால் அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.