யாருக்குச் சொல்லும் கணக்கு?

கணக்கியல் ஆய்வாளராக என் முதல் களப்பணி ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் தொடங்கியது. போவதற்கு முன்பே அவர்களுடைய ஐந்து ஆண்டுத் தணிக்கை அறிக்கைகளைப் படித்திருந்தேன். எல்லாம் சுத்தம். பொறுப்புக்கூறல், அதாவது வாங்கிய பணத்துக்கும் செய்த வேலைக்கும் கணக்குச் சொல்வது, எப்படி நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. பாதி விடை அந்த அறிக்கைகளிலேயே இருக்கிறது என்று நம்பினேன்.

மூன்றாவது வாரம், மாதக் கடைசி நாள். ஒரு களப்பணியாளர் நேரப்பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தார். எந்தத் திட்டத்துக்கு எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று நாள்வாரியாக எழுதவேண்டிய படிவம். அவர் தன் டைரியைப் பார்க்கவில்லை, பட்ஜெட்டைப் பார்த்து எழுதினார். சம்பளத்தில் 60 சதவீதம் ஒரு நன்கொடையாளர் தருவது, 40 சதவீதம் இன்னொருவர் தருவது. மணி நேரமும் அப்படியே பிரிந்து வந்தது.

“உண்மையில் எப்படிப் பிரியும்?” என்று கேட்டேன்.

“ஒரு வீட்டுக்குப் போனா பிள்ளையோட படிப்பையும் பேசுவேன், அம்மாவோட உடம்பையும் பேசுவேன். அதை எந்தக் கட்டத்துல எழுதறது, சொல்லுங்க?”

இதில் யாரும் பணம் எடுக்கவில்லை, ஏமாற்றும் எண்ணமும் இல்லை. பொதுச் செலவைத் திட்டங்களுக்குப் பங்கிடும் முறையை நான் வகுப்பில் கற்பிக்கிறேன். கரும்பலகையில் அது ஒரு சூத்திரம்தான். அவருக்கோ, பிரிக்க முடியாத ஒரு வேலையைப் பிரித்ததாகக் கையெழுத்துப் போடும் சங்கடம். அன்று இரவு என் கேள்விப் பட்டியலை முழுவதுமாக மாற்றி எழுதினேன்.

நன்கொடையாளர்கள் நிர்வாகச் செலவு குறைவாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நிறுவனங்கள் குறைத்துக் காட்டுகின்றன. அந்தக் குறைந்த எண்ணே அடுத்த ஆண்டின் எதிர்பார்ப்பாகிவிடுகிறது. இதற்கு 2009இல் ஆன் காகின்ஸ் கிரெகரியும் டான் ஹோவர்டும் பட்டினிச் சுழற்சி என்று பெயர் வைத்தார்கள். 2013இல் அமெரிக்காவில் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய, தொண்டு நிறுவனங்களைப் பற்றி நன்கொடையாளர்களுக்குத் தகவல் தரும் மூன்று அமைப்புகளின் தலைவர்களும், நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள் என்று நன்கொடையாளர்களுக்குத் திறந்த மடலே எழுதினார்கள். ஆனாலும் நான் போன இடங்களில் எல்லாம் முதலில் என்னிடம் நீட்டப்பட்டது அந்த விகிதம்தான்.

எங்கள் துறையில் மேல்நோக்கிய பொறுப்பு, கீழ்நோக்கிய பொறுப்பு என்று பேசுவது வழக்கம். மைக்கேல் எட்வர்ட்ஸ், டேவிட் ஹியூம் (Hulme) என்ற ஆய்வாளர்கள் 1990களில் எழுதியவற்றிலிருந்து பரவிய பிரிவு இது. பயன்படும் பிரிவுதான். ஆனால் பணம் தருபவர் மேலே, உதவி பெறுபவர் கீழே என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தக் ‘கீழ்’ உறுத்துகிறது. 2003இல் அல்நூர் இப்ராஹிம் என்ற ஆய்வாளர் பொறுப்புக்கூறலுக்கு ஐந்து வழிகளைக் காட்டினார்: அறிக்கைகள், மதிப்பீடுகள், மக்கள் பங்கேற்பு, சுய ஒழுங்குமுறை, சமூகத் தணிக்கை. நான் பார்த்தவரை முதல் இரண்டே எல்லோருடைய நேரத்தையும் தின்றுவிடுகின்றன. ஆண்டறிக்கையை அதில் படமாக வந்த ஒருவர் படித்து நான் பார்த்ததில்லை.

சமூக நோக்கத்துக்காக வணிகம் செய்யும் சமூகத் தொழில் நிறுவனங்களில் சிக்கல் வேறு மாதிரி. மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தரும் ஒரு நிறுவனத்தில், விற்பனை படுத்த மூன்று மாதமும் ஒருவரைக்கூட வேலையைவிட்டு அனுப்பவில்லை. லாபநட்டக் கணக்கில் அது நட்டம் மட்டுமே. அந்த நிறுவனம் எதற்காக இருக்கிறதோ அதைச் செய்தது என்று சொல்ல அங்கே இடம் இல்லை. சரி, சமூகப் பயனையும் பணமாக மாற்றலாமே என்பார்கள். முதலீட்டின் சமூக வருவாய் என்ற அந்த முறை 1990களில் இத்தகைய நிறுவனங்களுக்கு நிதி தரும் சான் பிரான்சிஸ்கோவின் ஆர்ஈடிஎஃப் (REDF) அமைப்பில் உருவானது. உழைத்துச் செய்த முறை, மதிக்கிறேன். ஆனால் ஒருவருக்குத் திரும்பக் கிடைத்த தன்னம்பிக்கைக்கு என்ன விலை என்பதைப் பெரும்பாலும் அவரிடம் கேட்காமலே முடிவு செய்கிறார்கள். கடைசியில் வரும் ஒற்றை விகிதத்தில் அந்த முடிவுகள் எதுவும் தெரிவதில்லை.

அப்புறம்தான் என் பக்கம் பார்த்தேன். என் கட்டுரை ஆங்கில ஆய்விதழ் ஒன்றுக்குப் போகத் தயாராக இருந்தது. எனக்குப் பேட்டி கொடுத்தவர்களில் ஒருவர்கூட அதைப் படிக்கப்போவதில்லை. அவர்களுக்கு நான் என்ன கணக்குச் சொன்னேன்? நான்கு பக்கத்தில், அவர்கள் பேசும் மொழியில் சுருக்கி எடுத்துக்கொண்டு அதே அலுவலகத்துக்குத் திரும்பப் போனேன்.

நேரப்பதிவேடு நிரப்பிய அதே களப்பணியாளர் இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தார். நன்கொடையாளர் மீதுள்ள அச்சத்தால் ஊழியர்கள் அப்படி நிரப்புகிறார்கள் என்று எழுதியிருந்தேன்.

“பயமெல்லாம் இல்லைங்க. இதை நிரப்பலைன்னா பணம் நின்னுபோகும். பணம் நின்னா சாயங்கால வகுப்பு நின்னுடும். அந்தப் பிள்ளைங்களுக்காகத்தான் நிரப்பறேன்.”

அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே சேர்த்தேன். கட்டுரையை அனுப்ப இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.