கத்திரி வெயில் குறிப்புகள்

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று ஆரம்பம். ஆஸ்பத்திரியில் நைனாவுக்கு வாயில் வருவது இன்னும் அந்த ஒரே சொல்தான்.

மே 5, திங்கள்

அந்தச் சொல் "வாழ்க". தண்ணீர் வேண்டுமென்றால் வாழ்க. பெட்பேன் வேண்டுமென்றால் வாழ்க. ஊசி போட வந்த மலையாளி நர்ஸைப் பார்த்து வாழ்க. அந்தப் பெண் ஆசீர்வாதம் என்று நினைத்து, "தேங்க்ஸ் அப்பா" என்று சிரித்துவிட்டுப் போனது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் பொறுமையாக விளக்கினார். மூளையில் இடது பக்கம் அடிபட்டால் யோசித்துப் பேசுகிற பேச்சு போய்விடும். வாயில் ஊறிப்போனது சிலருக்குத் தங்கிவிடும். எண்கள், பாட்டு, சாமி பெயர், கெட்ட வார்த்தை. பாரிஸில் ப்ரோகா என்ற டாக்டரிடம் 1861ல் வந்த ஒருவர் எதைக் கேட்டாலும் "டான்" என்பாராம், அதனால் அவருக்குப் பெயரே டான். கெட்ட வார்த்தை வந்திருந்தால்கூட அம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும், வீட்டில் கேட்டுப் பழகியதுதானே. நாற்பது வருஷம் மைக் பிடித்த வாயில் ஊறியது இதுதான் போல.

"நாலு தலைவருக்குப் போட்டாரே, இப்ப வர்றது யாருக்குப் போட்ட வாழ்கடா?" என்று அக்கா கேட்டாள். சிரிக்கத்தான் கேட்டாள். அப்புறம் பாத்ரூமுக்குப் போய் ரொம்ப நேரம் வரவில்லை.

மே 6

லாட்ஜில் பக்கத்து அறை வங்காளிகள் கடுகெண்ணெயில் மீன் பொரிக்கிறார்கள். தெரு முழுக்க வங்காளப் பலகை. முப்பது கிலோமீட்டரிலிருந்து வந்த நான்தான் இங்கே அசலூர்க்காரன்.

மே 8, வியாழன்

இரவு நாற்காலியில் மறுபடி பிளாக் ஆடம், அமெரிக்க காமிக்ஸ் ஆள். 2006 மே தொடங்கி வாரம் ஒன்றாக 52 இதழ் வந்த தொடர். அதில் எனக்கு ஆடம் வரும் பக்கங்கள் மட்டும் போதும், மற்றதைத் தள்ளிவிடுவேன். அவனுக்குக் கல்யாணம் ஆகிறது. மைத்துனன் வந்து சேர்கிறான். மனிதன் சிரிக்கக்கூடச் செய்கிறான். அப்புறம், கூடவே வைத்துச் சோறு போட்ட முதலை மைத்துனனைத் தின்கிறது. மனைவி நோயில் போகிறாள். அதுவரை மன்னி மன்னி என்று சொல்லிக்கொண்டிருந்தவள், சாகும்போது பழி வாங்கு என்கிறாள். பியாலியா என்ற நாட்டில் ஆடம் ஒரு உயிரை விடவில்லை. இருபது லட்சம் பேர். கற்பனை நாடுதான், ஆனாலும் அந்தப் பக்கங்களை நான் வேகமாகத் திருப்புவேன்.

பிறகு மொத்த உலகத்தோடும் ஒரு வாரம் சண்டை. யாராலும் அடித்துச் சாய்க்க முடியவில்லை. மின்னலை இழுத்து அவனைச் சாதாரண மனிதனாக்கி, மந்திரச் சொல்லை மாற்றிவிடுகிறார்கள், அவ்வளவுதான். அவனுக்குப் பலம் கொடுத்த ஷசாம் என்ற சொல்லைச் சொன்னால் இனி எதுவும் நடக்காது. கடைசியில் அவன் தெருத்தெருவாக அலைந்து வாயில் வந்த வார்த்தையெல்லாம் சொல்லிப் பார்க்கிறான்.

இன்று காலை முதல் நான் நைனாவிடம் சொல்லிப் பார்த்தவை: தண்ணி, இட்லி, அம்மா பெயர், அக்கா பெயர், என் பெயர், ஓட்டு, மைக்கு, கலெக்டர், பாலாறு, டேனரி. கடைசிச் சொல்லுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமாகவும் இருக்கலாம்.

மே 9

பி.பி. குறைந்திருக்கிறது. கஞ்சி பாதி உள்ளே போனது, பாதி சட்டையில்.

மே 10, சனி

தூக்கம் வரவில்லை. அந்த பாட்டில் ஞாபகமாகவே இருக்கிறது.

மாதனூர் பக்கம் தாத்தா கிணற்றுத் தண்ணீர். கண்ணாடி பாட்டில், மூடியில் துணி சுற்றியிருக்கும். பிடித்த அன்று டீத்தண்ணி நிறம், நாலு நாளில் அடியில் ஒரு விரற்கடைக்கு வண்டல். நைனா அதை டிவிஎஸ் 50 பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு. டீக்கடை மேசையில் டங்கென்று வைப்பார். கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டத்தில் ஒருமுறை மூடியைத் திறந்து, "ஐயா ஒரு வாய் குடிங்க" என்று நீட்டியதாக அம்மா சொல்வாள். சொல்லும்போது பெருமையா சலிப்பா என்று கண்டுபிடிக்க முடியாது. பொங்கலுக்குத் துணி இல்லை, பாட்டிலுக்குப் பெட்ரோல் உண்டு. தோல் கழிவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கல்யாண வீடு, சாவு வீடு பார்க்க மாட்டார். டேனரி முதலாளிகள் ஒருத்தன் மிச்சமில்லாமல் பாலாற்று மணலில் புதைய வேண்டும் என்பார். அங்கே கூலிக்குத் தோல் மிதிப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று அம்மா ஒருமுறை கேட்டதற்குத் தட்டு பறந்தது.

1996 ஆகஸ்ட் 28, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. டேனரி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும், சுத்திகரிப்பு வைக்காவிட்டால் மூடு. எனக்கு ஆறு வயசு. தோளில் உட்கார்ந்து பட்டாசு பார்த்தது ஞாபகம் இருக்கிறது. வடாற்காடு ஜெயித்துவிட்டது என்று நைனா கத்தினார். வாழ்க என்றும் கத்தியிருப்பார், அது ஞாபகமில்லை.

2003ல் அதே டேனரி ஒன்றில் கணக்கு எழுதப் போனார். பதினாறு வருஷம் எழுதினார்.

மே 11

நான் கேட்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷம்.

மே 13, செவ்வாய்

மாற்று வேட்டிக்காக அக்கா வீட்டு பீரோவைத் திறந்திருக்கிறாள். நாலு கரை வேட்டியும் மடித்து, நாலுக்கும் நாப்தலின் உருண்டை. ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. எதைக் கொண்டு வரட்டும் என்று போனில் கேட்டாள். கரையில்லாத லுங்கி கொண்டு வா என்றேன்.

ஊரில் அவருக்குப் பெயரே "நாலு கரை". யாராவது சொன்னால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஆடமுக்காக மட்டும் ஹாஸ்டலில் ஒருத்தன் சட்டையைப் பிடித்திருக்கிறேன். "அவன் எந்தப் பக்கம்னு அவனுக்கே தெரியாதுடா" என்றான் அவன். உண்மைதான், வரிசையாகப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். 1945 டிசம்பர் தேதியிட்ட இதழில் ஓட்டோ பைண்டரும் சி.சி. பெக்கும் அவனை வில்லனாகக் கொண்டுவந்து அதே இதழில் கொன்றுவிட்டார்கள். அதுவும் வாயால்தான் கெட்டான்: ஒரு கிழவர் பேச்சுக் கொடுத்து ஷசாம் என்று சொல்ல வைக்கிறார், ஐயாயிரம் வருஷ மூப்பு ஒரே நொடியில் வந்து ஆள் காலி. 1977ல்தான் திரும்பி வந்தான். பிறகு நல்லவர்கள் சங்கத்தில் சேர்ந்தான். கோர்ட்டிலிருந்து தப்பிய கோப்ரா என்ற பயங்கரவாதியை நீதி என்று சொல்லிக் கொன்றான். சங்கத்தை உதறிவிட்டு, காண்டாக்கில் சர்வாதிகாரியை ஒழித்து அவனே நாற்காலியில் உட்கார்ந்தான். அடுத்த வருஷம் வில்லன்கள் சங்கம், அங்கே துரோகம், மறுபடி நல்லவர்கள் பக்கம் நின்று சண்டை.

கேட்டால், நான் மாறவில்லை, என் நாடு காண்டாக், அதற்கு யார் குறுக்கே வருகிறார்களோ அவர்கள்தான் எதிரி என்பான். "நான் மாறலடா, கட்சிதான் மாறிப்போச்சு." இது ஆடம் இல்லை, நைனா. எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு தடவை கேட்டது.

ஒருத்தன் சொன்னால் தத்துவம், இன்னொருத்தர் சொன்னால் வெட்கம். எனக்குத்தான் கிறுக்கு.

மே 15, வியாழன்

வைகாசி ஒன்று. குடியாத்தத்தில் சிரசுத் திருவிழா. கெங்கையம்மன் சிரசு பார்க்காத முதல் வைகாசி இது நைனாவுக்கு. மாமா மகன் விடியற்காலை வீடியோ காலில் காட்டினான். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலில் இருந்து சிரசு புறப்பட்டுவிட்டது. தேங்காய் உடைக்கிற சத்தத்தில் போன் ஸ்பீக்கர் கரகரத்தது. மாலைக்குள் அம்மன் முகத்தில் கண் மட்டும் தெரிகிறது. நைனா இடது கையால் போனைப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, வாழ்க, வாழ்க, வாழ்க. முதல் முறையாக அது சரியான இடத்தில் வந்து விழுந்த மாதிரி இருந்தது.

அந்த அம்மன் ரேணுகாதான். அம்மாவுக்கு ரேணுகாவைவிட அவள் மகன் பரசுராமன் மேல்தான் எப்போதும் கோபம். "அப்பன் சொன்னான்னு பெத்தவ தலைய வெட்டுவானாம், அப்புறம் ஊர்ல இருக்கிற ராஜாவையெல்லாம் இருபத்தோரு தலைமுறை வெட்டுவானாம். கோடாலிய கீழ வைக்கத் தெரியாதவன்" என்றாள், ஹார்லிக்ஸ் கலக்கிக்கொண்டே. இருபத்தோரு தலைமுறை, பியாலியாவில் இருபது லட்சம். நான் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

தலை ரேணுகாவுடையது, உடம்பு வேறொருத்தியுடையது. ஊரே விழுந்து கும்பிடுகிறது. நீ எந்தப் பக்கம் என்று அவளை யாரும் கேட்பதில்லை.

மே 16

மருந்துக் கடையில் வரிசை. ஒன்றேகால் மணி நேரம். வெயிலைப் பற்றி எழுதக்கூடத் தெம்பில்லை.

மே 17, சனி

பிசியோ. வலது கையில் ரப்பர் பந்து வைத்து மூடச் சொல்கிறார்கள். விரல் அசையவில்லை.

எட்டு ஒன்பது வயசில் நைனாவுக்கு அந்தக் கைதான் இரும்புக்கை. 1972ல் முத்து காமிக்ஸ் முதல் இதழே இரும்புக்கை மாயாவி. வலது கையில் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு, கரண்ட் ஷாக் வாங்கினால் மறைந்துவிடலாம் என்று சுவிட்சில் விரல் வைத்தவர். பிளாக் ஆடமை முதன்முதலில் நான் காட்டியபோது அட்டையை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாயாவியும் முதல்ல திருடன்தான்டா. அப்புறம்தான் நம்ம ஆளு ஆனான்." அவ்வளவுதான் அன்றைய இலக்கிய விமர்சனம். என்றைக்கு என்று யோசித்தேன். டேனரியிலிருந்து வந்து, சைக்கிளை நிறுத்தி, கால் கழுவிக்கொண்டிருந்தார். கால் கழுவாமல் வீட்டுக்குள் வரமாட்டார். அந்த வாடையை வீட்டுக்குள் விட்டதே இல்லை.

பந்து இரண்டு முறை தரையில் உருண்டது. குனிந்து எடுத்தேன்.

மே 18, ஞாயிறு

ஆடமுக்குச் சொல் கிடைத்துவிடும். 2007ல் தொடங்கிய ஆறு இதழ்க் கதையில். மாற்றி வைத்த சொல் "சாக்லேட் எக் க்ரீம்". நியூயார்க்கில் குடிக்கிற ஒரு பானம், பால், சோடா, சாக்லேட் பாகு. அதில் முட்டையும் கிடையாது, க்ரீமும் கிடையாது. எகிப்து தேவதைகள் ஆறு பேர் கொடுத்த பலம் அத்தனைக்கும் இதுதான் பூட்டு! முதல்முறை படித்தபோது காசு வீண் என்று கோபம் வந்தது.

மதியம் தின்பண்டமாகச் சொல்லிப் பார்த்தேன். மக்கன் பேடா. வாழ்க. ஆம்பூர் பிரியாணி. வாழ்க. முள்ளுக்கத்திரிக்காய்க் குழம்பு. கொஞ்சம் நிறுத்தி, உதட்டைக் குவித்து, "மு" என்றார். அம்மா ஓடிவந்தாள். மறுபடி சொல்லச் சொன்னோம். வாழ்க.

அந்த "மு" அக்காவுக்குக் கேட்கவில்லையாம்.

மே 20, செவ்வாய்

கேட்டுவிட்டேன். அம்மா லாட்ஜுக்குக் குளிக்கப் போயிருந்த நேரம். "2003ல ஏன் அங்க போன நைனா?"

ரொம்ப நேரம் பார்த்தார். இடது கையைத் தூக்கி நீட்டினார். என்னைக் காட்டினாரா, எனக்குப் பின்னால் ஜன்னலில் இருந்த தண்ணீர் பாட்டிலையா, தெரியவில்லை. அந்த வருஷம்தான் என்னை வேலூரில் இங்கிலீஷ் மீடியத்தில் போட்டார்கள். பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தார். மூன்றாவது வாய்க்குத் தள்ளிவிட்டார்.

மே 21

இடது கையில் பேனா கொடுத்துப் பார்த்தோம். கோடு. அதன் மேல் இன்னொரு கோடு.

மே 22, வியாழன்

டிஸ்சார்ஜ் சனியா திங்களா என்று இன்னும் சொல்லவில்லை. லாட்ஜில் அறையை இரண்டு நாள் நீட்டியிருக்கிறேன். பிளாஸ்க் மூடியைக் காணோம், பக்கத்து அறை வங்காளிப் பாட்டி அவருடையதைக் கொடுத்திருக்கிறார். ஏழு மணிக்கு பிசியோ.