முதல் முறையாகக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டேன்

அப்பாவுக்கு உடம்பு முடியாததால் 2024 குறுவை நெல்லை நான்தான் அரசு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் கொடுத்துப் பதிவு செய்வதெல்லாம் சுலபமாக முடிந்தது. ஈரம்தான் படுத்தியது.

அறுவடை மிஷின் வயலை விட்டு ஏறின ராத்திரியே மழை. தார்ப்பாய் போட்டு மூடியும் அடிநெல் வெதுவெதுவென்று ஆகிவிட்டது. நிலையத்தில் ஒரு கைப்பிடி அள்ளி ஈரப்பதம் பார்த்தார்கள்: 19.4. வரம்பு 17 சதவீதம். "காயவெச்சு எடுத்துட்டு வாங்க தம்பி" என்றார் பட்டியல் எழுத்தர். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் ஈர நெல்லைக் கட்டினால் சாக்குக்குள்ளேயே சூடேறிப் பழுப்பு விழும். அவர் சொன்னதில் தப்பில்லை.

இரண்டு நாள் ரோட்டோரம் காயவைத்தோம். அம்மா அடிக்கடி காலால் கிளறிவிட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தார். டக்கென்று உடைந்தது. "இப்ப எடுத்துட்டுப் போ" என்றார். நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற மிஷினில் 16.6.

அப்புறம் தூற்றல். கல், மண் 1 சதவீதம், பதர், வைக்கோல் துணுக்கு 1 சதவீதம், கருக்காய் (முற்றாத நெல்) 3 சதவீதம் வரை இருக்கலாம். எங்கள் நெல் அதற்குள் அடங்கிவிட்டது.

எடை போடும்போதுதான் கண் கொட்டாமல் நிற்க வேண்டும். ஒரு சிப்பம், அதாவது மூட்டை, 40 கிலோ நெல், சாக்கு 580 கிராம், தராசில் 40.580 வந்தால் போதும். எங்களுக்கு முதல் நாலு மூட்டையும் 41.2, 41.4 என்று ஓடின. கேட்டால், "இருப்பு வெச்சா எடை குறையும்ல" என்றார்கள். ஈரம் 17-க்குள் இருக்கிறதென்று இவர்களே பார்த்து எடுத்த நெல், அதில் குறைவதற்கு விவசாயி ஏன் நெல் கொடுக்க வேண்டும்? மூட்டைக்கு ஒரு கிலோ போனால் நூறு மூட்டையில் ஒரு குவிண்டால், அப்போதைய விலையில் 2,450 ரூபாய். ஒரு ஆள் கூலியைவிட அதிகம். நிறுத்தச் சொன்னேன். கொஞ்சம் முணுமுணுத்தார்கள், ஆனால் நாலு மூட்டையையும் பிரித்து அள்ளி எடுத்துவிட்டுத்தான் அடுத்ததை ஏற்றினார்கள்.

பின்னால் நின்ற பெரியவர், "அது என்ன தம்பி 580?" என்றார். பல வருஷமாக நெல் போடுகிறவர். சொன்னேன். தன் முறை வந்ததும் தராசை ஒட்டிப் போய் நின்றுகொண்டார்.

மொத்தம் 112 மூட்டை, 44.80 குவிண்டால். அந்த வருஷம் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு ஆதரவு விலை 2,320, மாநில ஊக்கத்தொகை 130. ரசீதில் 1,09,760 ரூபாய். நாலாம் நாள் அப்பா கணக்கில் ஏறியது.