காது மிஷின் வாங்கியதும், அது காதோடு பழகியதும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓடும் பட்டறைகளில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. எனக்கு முதலில் வந்த குறை, சத்தம் கேட்கும், வார்த்தை பிடிபடாது. ஆண்கள் பேசினால் ஓரளவு புரியும்; பேத்தி பேசினால் சுத்தமாகப் புரியாது.

சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் காட்டினேன். டாக்டர் முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக் குறும்பியை எடுத்துவிட்டார். அடைப்போடு சோதித்தால் முடிவு தப்பாக வருமாம். அப்புறம் ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் சோதனை. சத்தம் புகாத அறையில் ஹெட்போனை மாட்டி உட்கார வைத்து, தாழ்ந்த சுருதியிலிருந்து கீச்சென்ற சுருதிவரை (250 முதல் 8000 ஹெர்ட்ஸ்) மெல்லிய ஒலிகளைக் கொடுக்கிறார்கள்; கேட்டதும் பொத்தானை அமுக்க வேண்டும். காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு கருவியை வைத்தும் பார்த்தார்கள். கோளாறு நடுக்காதிலா உட்காதிலா என்பது அதில் தெரிந்துவிடும். என் கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு இப்படித்தான் வருமாம். சத்தத்தை உணரும் உட்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது, அதனால் மருந்து கிடையாது, மிஷின்தான் வழி என்றார்கள்.

வாங்கப் போன முதல் கடையில் தள்ளுபடியைப் பற்றியே பேசினார்கள்; போட்டுப் பார்க்கத் தர மறுத்தார்கள். எழுந்து வந்துவிட்டேன். அடுத்த இடத்தில் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதித்து மிஷின் பொருத்தும் நிபுணர், இருந்தார். ஆடியோகிராமை வாங்கிப் பார்த்து, கம்ப்யூட்டரில் இணைத்து மிஷினை அமைத்துக் கொடுத்தார்.

ஆரம்ப நாட்கள் கொடுமைதான். எவர்சில்வர் தட்டு வைக்கும் சத்தம், ஃபேன், நான் மெல்லுகிற சத்தம் எல்லாம் மண்டைக்குள் இடித்தன. எங்கே எது குத்துகிறது, எங்கே பேச்சு புரியவில்லை என்று சீட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். ஆடியாலஜிஸ்ட் அதைப் படித்துப் படித்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தார். மிஷினின் விலையைவிட இந்தத் திருத்தம்தான் பெரிது என்பேன். எங்கள் தெருவில் பலர் மிஷினை பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். வாங்கியபின் திரும்பப் போய்க் காட்டவே இல்லை. காசும் போய், பேச்சும் போய் அவர்கள் ஒதுங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மனசு தாங்கவில்லை.

சென்னை வியர்வைக்கு மிஷின் சீக்கிரம் கெடும். ராத்திரி பேட்டரி மூடியைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். வீட்டிலும் ஒரு பழக்கம் வந்துவிட்டது: மனைவி சமையலறையிலிருந்து கூப்பிடுவதில்லை, எதிரில் வந்துதான் பேசுகிறாள்.

பட்டறைப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறேன். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் காதுக்குக் கணக்கு. 88 ஆனால் அது நாலு மணி நேரமாகிவிடும். காதில் பஞ்சு வைத்தால் போதாது. நுரை இயர் பிளக்கை விரலால் மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது உப்பும்வரை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சரியாகப் போடவில்லை என்று அர்த்தம். எடுத்துத் திரும்பப் போடுங்கள்.