வளைவில் மட்டும் அடிக்காத ஹாரன்

ஊட்டி–மசினகுடி இடையே உள்ள கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே வருபவருக்கு வண்டி தெரியும் முன்பே ஹாரன் சத்தம் போய்ச் சேர வேண்டும். பழைய அம்பாசிடர், பத்மினி, ஜீப் வைத்திருப்பவர்கள் பலர் ஸ்டியரிங்கை நேராக வைத்து ஒருமுறை அடித்துப் பார்ப்பதோடு சரி. அது போதாது. இடக்கோடி வரை ஒடித்து ஒருமுறை, வலக்கோடி வரை ஒடித்து ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

நேராக இருக்கையில் அடித்து, ஒடித்தால் நின்றுபோகிறதா? ஹாரன் மேல் குற்றமில்லை. பெரும்பாலான பழைய வண்டிகளில் ஹாரனுக்குக் கரண்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும்; பட்டனை அழுத்தினால் எர்த் (வண்டியின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) கிடைக்கும், அவ்வளவுதான். அந்த எர்த் போகும் வழியில், ஸ்டியரிங் வீலுக்கு அடியில் பித்தளை வளையமும் அதை உரசும் ஸ்பிரிங் முனையும் உள்ள வண்டிகளில், தேய்மானமும் பச்சைக் களிம்பும் அங்கேதான் சேரும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வீலைப் பிரியுங்கள். வளையத்தை 400 நம்பர் எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்து, துடைத்து, மெல்லிய பூச்சாக வாசலின் தடவுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இழுத்துவிடாதீர்கள், மாற்றிவிடுங்கள். கம்பி மட்டுமே உள்ள வண்டியானால், ஸ்டியரிங் தண்டின் குழாய்க்குள் அது முறுகி உறை உரிந்திருக்கிறதா பாருங்கள். உரிந்து இரும்பில் பட்டால் ஃபியூஸ் போகாது. ஹாரன் நிற்காமல் அலறும்.

எந்தப் பக்கம் ஒடித்தாலும் சத்தமே இல்லையென்றால் புது ஹாரன் வாங்க ஓடவேண்டாம். ஃபியூஸைப் பார்த்துவிட்டு, ஹாரனின் இரண்டு கம்பிகளையும் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராகத் தனிக் கம்பிகள் கொடுங்கள். ஹாரன் அடித்தால் கோளாறு வயரிங்கில். ஈர மலைக்காற்றில் கம்பி முனையில் உள்ள லக்குகளும் எர்த் போல்ட்டும் துருப்பிடிப்பதே வழக்கமான காரணம். வோல்ட் அளக்கும் மீட்டர் இருந்தால், பட்டனை அழுத்தியபடியே ஹாரன் முனைகளுக்கு இடையே அளவெடுங்கள்: 12 வோல்ட் வண்டியில் 11-க்குக் கீழே இறங்கினால் வழியில் எங்கோ வோல்ட்டேஜ் வீணாகிறது. அழுத்தாமல் எடுக்கும் அளவு ஏமாற்றும்.

நேரடிக் கம்பியிலும் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும், அல்லது கரகரப்பு என்றால் உள்ளே பாய்ண்ட் (தொட்டு விலகும் முனை) தேய்ந்திருக்கும். பின்பக்கச் சிறு ஸ்க்ரூவின் இப்போதைய நிலையைப் பெயிண்டால் குறித்துக்கொண்டு, சத்தம் நிற்கும் இடம் வரை திருகி, அங்கிருந்து எதிர்த்திசையில் கால் சுற்று திருப்புங்கள். திருகும் திசை மாடலுக்கு மாடல் மாறும். இந்த ஸ்க்ரூ தேய்மானத்தை ஈடுகட்டத்தான், சுருதியை மாற்றாது. நடு நட்டைத் தொடவே கூடாது. இதற்கும் மசியாமல் தகடு துருவேறியிருந்தால் மட்டும் புது ஹாரன்.

மாட்டும்போது பிராக்கெட்டைத் தவிர வேறெதிலும் ஹாரன் படக்கூடாது. கிரில்லில் இடித்தால் சத்தம் செத்துவிடும். வாய் கீழ்நோக்கி இருந்தால் மழைநீர் தங்காது.

இரட்டை ஹாரன் வைத்திருப்பவர்கள் ரிலே (பட்டனுக்குப் பதிலாக ஹாரனின் முழுக் கரண்டையும் தாங்கும் ஸ்விட்ச்) போட்டுவிடுவது நல்லது. பழைய பட்டன் முனைகள் கருகாது. ரிலேயில் பொறித்திருக்கும் முனை எண்களின்படி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து ஹாரனுக்கு, 86-க்கு இக்னிஷன், 85-லிருந்து பட்டனுக்கு. ஹாரனின் மறுமுனை நேராக பாடி எர்த்துக்கு. ரிலேயின் முனைகள் கீழே பார்த்தபடி இருக்கட்டும்.