மின்சாரக் காருக்கு லீஸ் எடுத்தோம்: நாலு வருடம் கழித்து இதை யார் வாங்குவார்?

கொழும்பில் மின்சாரக் காரை லீசிங்கில் எடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நம் நாட்டில் லீசிங் என்றால் தவணை முடிந்ததும் கார் உங்களுடையது, ஆகவே விலை விழுந்தால் அந்த நட்டமும் உங்களுடையது. வட்டி, சார்ஜ் செலவு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

லண்டனில் இருக்கும் மச்சான் மின்சாரக் கார் ஓடுகிறான், அவனும் "லீஸ்" என்றுதான் சொல்கிறான், ஆனால் அவனுடைய கதை முழுக்க வேறு. வேலை செய்யும் கம்பனி வழியாகச் சம்பளத்தில் இருந்தே மாதக் காசு கழிகிறது, வரியிலும் சலுகை, வருடத்துக்கு இத்தனை மைல் என்று ஒரு எல்லை, தவணைக் காலம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த காரை எடுக்கலாம். திருப்பிக் கொடுத்த கார் என்ன விலைக்குப் போகும் என்பது லீசிங் கம்பனியின் தலையிடி. அந்தத் தலையிடி சின்னதும் இல்லை. 2023 ஜனவரியில் டெஸ்லா புதுக் கார்களின் விலையை வெட்டியதும் பாவித்த டெஸ்லாக்களின் விலையும் சேர்ந்து சரிந்தது. 2024 ஜனவரியில் வாடகைக் கார் கம்பனியான ஹேர்ட்ஸ் கிட்டத்தட்ட 20,000 மின்சாரக் கார்களை விற்கப்போவதாக அறிவித்து, அதன் நட்டத்தையும் கணக்கில் காட்டியது. வெளிநாடுகளில் கம்பனிகள் தாங்கிய அடியை இங்கே ஒரு குடும்பம் தனியாகத் தாங்க வேண்டும்.

நம் ஊரில் இதை யோசிக்கும் பழக்கமே இல்லாததற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2022இல் ரூபாய் விழுந்தது, தனியார் கார்கள் திரும்ப வர 2025 பெப்ரவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஐந்து வருடத்தில் வாசலில் சும்மா நின்ற வேகன் ஆர், விட்ஸ் மாதிரிச் சின்னக் கார்கள் எல்லாம் எடுத்த விலையைத் தாண்டிப் போயின. நான் மின்சாரக் கார் பார்க்கிறேன் என்றதும் மாமா சொன்னார்: "தம்பி, வாகனம் எண்டா காணி மாதிரி, போட்ட காசு எங்கேயும் போகாது, ஆனா பெற்றோல் வாகனமா இருக்க வேணும்." அவர் கண்ட உண்மை அது. எங்கள் விட்ஸ் விற்றபோதும் இக்மனில் விளம்பரம் போட்ட அன்றே தொலைபேசி ஓயவில்லை, வந்த முதல் ஆளே ஒரு கராஜ்காரரைக் கூட்டிவந்து பொனெட்டைத் திறந்து பார்த்துவிட்டு விலை பேசினார். ஆனால் அது இறக்குமதி பூட்டிக் கிடந்த காலத்து விலை. கதவு திறந்து புதுக் கார்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது, அதுவும் வருடத்துக்கு வருடம் கூடுதல் தூரம் ஓடும் பற்றரியோடு புது மொடல்கள் வரும்போது, மின்சாரக் காருக்கு அதே கணக்கைப் போடவே கூடாது.

பின்னே ஏன் எடுத்தோம்? நான் வெள்ளவத்தையில் இருந்து பியகமவுக்கு வேலைக்குப் போய் வருகிறேன், இடைக்கிடை யாழ்ப்பாணமும் போகிறோம், சராசரியாக மாதம் 1,500 கிலோமீட்டர் வரும். காலி வீதி நெரிசலில் எங்கள் விட்ஸ் லீட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் சந்தோஷப்படுவோம், 2025இல் இருந்தபடி லீட்டர் 300 ரூபாய்க்குக் கிட்ட என்றால் 100 கிலோமீட்டருக்கு 2,500 ரூபாய். அதே தூரத்துக்கு மின்சாரக் கார் சுமார் 16 யுனிட் எடுக்கும். வீட்டு மின்கட்டணத்தின் மிக உயர்ந்த படியில் போட்டுப் பார்த்தாலும் பெற்றோல் செலவில் பாதிகூட வரவில்லை. எங்கள் ஓட்டத்துக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சுகிறது. மனைவி உடனே கேட்டது சரியான கேள்வி: நாலு வருடத்தில் இப்படி மிஞ்சுவது பத்து லட்சம், விற்கும்போது பெற்றோல் காரைவிட இருபது லட்சம் குறைவாகப் போனால் என்ன லாபம்? வாரத்தில் இரண்டு நாள் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் கார் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கட்டாது, அவர்கள் பெற்றோலோடு இருப்பதுதான் நல்லது என்பேன். எங்களுக்குக் கட்ட வேண்டுமென்றால் விலை விழுவதை எங்காவது பிடித்து நிறுத்த வேண்டும்.

முதலில் பாவித்த நிசான் லீஃப் பார்த்தோம், விலை கையைக் கடிக்காது என்பதால். கொழும்பில் ஓடும் பழைய லீஃப்களில் பெரும்பாலானவை ஜப்பானில் இருந்து ரீகண்டிஷனாக வந்தவை. அந்தக் காரின் பற்றரிக்குக் குளிரூட்டும் திரவம் கிடையாது, வெளிக் காற்றை நம்பித்தான் இருக்கிறது, நம்மூர் வெக்கைக்கு அது நல்லதில்லை. டாஷ்போர்டில் ஓரமாக 12 சிறு கோடுகள் இருக்கும், பற்றரி கிழடாக ஆக ஒவ்வொன்றாக அணையும். முதல் கோடு அணையும்போதே கிட்டத்தட்ட 15 வீதக் கொள்ளளவு போயிருக்கும். கார் சேலில் மைலேஜைக் காட்டுவார்கள், பெயின்ட்டைக் காட்டுவார்கள், இதைக் கேட்டால்தான் காட்டுவார்கள். காரின் கணினியை வாசிக்கும் சின்ன ஓபிடி கருவி ஒன்றைச் செருகி லீஃப் ஸ்பை செயலியில் பார்த்தால் பற்றரியின் மிச்ச ஆரோக்கியம் வீதக் கணக்கிலேயே தெரியும், தெரிந்த ஒரு தம்பி கருவியோடு கூட வந்தான். பெற்றோல் கார் வாங்குபவர் எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டுத் தீர்மானிக்கிறார், இங்கே எல்லாம் அந்த ஒரு எண்ணில்தான்.

இன்னொரு விஷயமும் அங்கேதான் விளங்கியது. வயதான மின்சாரக் காருக்கு லீசிங் கேட்டபோது ஒரு கம்பனி குறுகிய தவணைதான் தரும் என்றது, இன்னொன்று மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்ததும் தொகையைக் குறைத்தது, அதே வயது விட்ஸுக்கு இருவருமே கூடுதலாகத் தரத் தயார். லீசிங்காரர் அந்தக் கார் நாளைக்கு என்ன விலை போகும் என்று நினைக்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல மாட்டார்கள். நாளைக்கு நம்மிடம் வாங்க வருபவரும் லீசிங் எடுத்துத்தானே வாங்க வேண்டும்? அவருக்குக் கிடைக்காவிட்டால் கையில் முழுக் காசோடு ஒருவர் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டும், அப்படி வருபவர் விலையை நசுக்கத்தான் செய்வார்.

அதனால் உள்ளூர் முகவர் கொண்டுவந்த புதுக் கார் என்று முடிவெடுத்தோம். திரவத்தால் குளிரூட்டும் பற்றரி, அதற்கு எட்டு வருடம் அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம், அதற்குள் கொள்ளளவு 70 வீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தர வேண்டும். இதே மாதிரிக் காரை தனியாக இறக்கி விற்பவர்களிடம் மலிவாகவும் வாங்கலாம், ஆனால் உத்தரவாதத்துக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்ட இன்னொரு கேள்வி, கார் இரண்டாவது ஆளின் பெயருக்கு மாறினாலும் உத்தரவாதம் தொடருமா என்பது. விற்பனைப் பிள்ளை "ஓம் அண்ணா, தொடரும்" என்றார், அந்த வரி உள்ள பக்கத்தைக் காட்டும்வரை நான் கையெழுத்து வைக்கவில்லை. சேவிஸ் அவர்களிடமே செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் அதே பக்கத்தில்தான் இருந்தது. மோட்டாரின் வலு எத்தனை கிலோவாட் என்பதையும் பாருங்கள். மின்சாரக் காருக்கு உற்பத்தி வரி போடுவது கிலோவாட் கணக்கில், 100ஐத் தாண்டினால் வரி வேகமாக ஏறும், ஆகவே ஆவணத்தில் உள்ள எண்ணும் காரில் உள்ள மோட்டாரும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் விற்கும்போது வாங்குபவர் அதையே பிடித்துக்கொள்வார்.

இனி லீசிங். இங்கே வட்டி வீதத்தைக் கேட்டால் நேராகச் சொல்ல மாட்டார்கள், "லட்சத்துக்கு ரெண்டல் இவ்வளவு" என்பார்கள், அதாவது ஒரு லட்சம் ரூபாய்க் கடனுக்கு மாதத் தவணை. அந்த எண்ணை வாங்கிக்கொண்டு வீட்டில் கணக்குப் போடுங்கள். குறையும் மீதிக்கு 12 வீத வட்டி, ஐந்து வருடம் என்றால் லட்சத்துக்கு ரெண்டல் 2,224 ரூபாய். அதையே புரோக்கர் ஒருவர் "6.7 வீதம்தான்" என்று, முதலில் எடுத்த முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போடும் ஃபிளாட் கணக்கில் சொன்னார், இரண்டும் ஒரே காசு. ஆவணக் கட்டணம், காப்புறுதி எல்லாவற்றையும் தவணைக்குள் போட்டுத் தருகிறோம் என்றும் சொல்வார்கள், அதற்கும் ஐந்து வருடம் வட்டி ஓடும் என்பதால் நாங்கள் தனியாகக் கட்டினோம்.

எவ்வளவு எடுப்பது என்பதில் மத்திய வங்கியின் எல்லை ஒன்று இருக்கிறது. 2025 ஜூலையில் கார்களுக்கு விலையின் 60 வீதம் வரைதான் என்று வைத்தார்கள், நாங்கள் அலைந்தது அந்த நேரம், நவம்பரில் அதை 50 ஆக இறக்கினார்கள். ஒரு காலத்தில் மின்சாரக் காருக்கு 90 வீதம்வரை எடுக்கலாம் என்று இருந்தது. 60 கிடைக்கும் என்பதற்காக 60 எடுக்க வேண்டியதில்லை. விட்ஸ் விற்ற காசு முற்பணமாக இருந்ததால் நாங்கள் ஒரு கோடிக் காருக்கு 50 லட்சம்தான் எடுத்தோம், ஐந்து வருடம் தருகிறோம் என்றவர்களிடம் நாலு வருடம் கேட்டோம். மாதம் 1,11,000 என்பது 1,32,000 ஆனது, கொஞ்சம் இறுக்கம்தான். ஆனால் 12 வீதத்தில் நாலு வருட வட்டி 13 லட்சத்துச் சொச்சம், ஐந்து வருடம் போனால் 17 லட்சத்தைத் தொடுகிறது.

நாலு வருடத்துக்கு உண்மையான காரணம் வட்டி இல்லை. தவணை முடியும்போது பற்றரி உத்தரவாதத்தில் இன்னும் பாதி மிஞ்சியிருக்கும், அடுத்து வாங்குபவர் பணம் கொடுப்பது அதற்குத்தான். உத்தரவாதம் முடியும் தறுவாயில் உள்ள மின்சாரக் காரை விற்பதும் அது நாலு வருடம் மிஞ்சியிருக்கும்போது விற்பதும் ஒன்றல்ல. பெற்றோல் காரில் ஐந்தாவது வருடத்துக்கும் எட்டாவது வருடத்துக்கும் இவ்வளவு பெரிய பள்ளம் இல்லை, எஞ்சின் பழுதானால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பாகம் கிடைக்கும், எந்த கராஜிலும் வேலை செய்து தருவார்கள்.

கூடவே வருடம் வருடமாக ஒரு அட்டவணை போட்டோம், ஒரு பக்கம் லீசிங் மீதி, மறுபக்கம் கார் என்ன விலை போகும் என்ற மோசமான மதிப்பீடு. முதல் வருட முடிவில் மீதி 39 லட்சத்து 64 ஆயிரம், இரண்டாம் வருடம் 28 லட்சம், மூன்றாம் வருடம் 15 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. மூன்று வருடத்தில் காரின் விலை பாதியாக விழுந்தாலும் விற்றுக் கடனை அடைத்துவிட்டு எழும்பலாம். இந்த இரண்டு கோடுகளும் எங்கேயும் குறுக்கே வெட்டக்கூடாது. கார் 40 லட்சம் போகும்போது மீதி 45 லட்சம் என்று வந்தால் வேலை போனாலும் விற்க முடியாமல் மாட்டிக்கொள்வோம், வெளிநாடு போக வந்தாலும் மாட்டிக்கொள்வோம். காப்புறுதிக்கும் இதே கணக்குத்தான், கார் முழுதாக அழிந்தால் காப்புறுதிக் காசு முதலில் லீசிங் கம்பனிக்குத்தான் போகும். வெள்ளத்தில் பற்றரி நனைந்தால் ஈடு உண்டா என்று தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்கினேன், களனி கங்கை பெருகினால் பியகமப் பக்கம் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

சம்பளச் சிட்டை, வங்கிக் கூற்று, இரண்டு பிணையாளிகள், வீட்டு முகவரிக்கு மின்சாரப் பில், இதெல்லாம் வழக்கம்போல. தொடர்மாடியில் சார்ஜர் போடுவதுதான் நாங்கள் நினைத்ததைவிட இழுத்தது. எங்கள் மீட்டரில் இருந்து கீழே வாகனத் தரிப்பிடம் வரைக்கும் தனிக் கம்பி, தனி பிரேக்கர், 32 ஆம்பியர் சார்ஜர் என்று நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கொடுத்து, பொதுப் பில்லில் ஒரு யுனிட்டும் ஏறாது என்று மின்பொறியாளரின் கடிதமும் வைத்த பிறகுதான் சம்மதித்தார்கள். தரிப்பிடத்தில் சார்ஜ் வசதி உறுதியாகும் முன்னே காருக்கு முற்பணம் கட்ட வேண்டாம் என்று தொடர்மாடியில் இருப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இரவு பத்தரைக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் குறைந்த கட்டணம் தரும் நேரவாரி முறை இருக்கிறது, உங்கள் இணைப்புக்குக் கிடைக்குமா என்று உங்களுக்கு மின்சாரம் தரும் நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, இடையில் விற்க வேண்டி வந்தால் என்ன நடைமுறை என்பதை எடுக்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொண்டோம். பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும், நாம் பதிவு செய்த உரிமையாளர் மட்டும். விற்கும் நாளில் கம்பனியிடம் தீர்வுத் தொகைக் கடிதம் எடுக்க வேண்டும், முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணமும் எதிர்கால வட்டியில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதும் அதில் வரும், எங்கள் ஒப்பந்தத்தில் அந்தக் கழிவை எழுத்தில் போடவைத்தோம். வாங்குபவர் அந்தத் தொகையை நேரே கம்பனிக்குக் கட்டி மிச்சத்தை நம்மிடம் தருவார், பிறகு கம்பனி தன் பெயரை நீக்கச் சொல்லி மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு ஆவணம் தரும். லீசிங் ஒப்பந்தம் வைத்திருக்கும் உறைக்குள்ளேயே பற்றரி உத்தரவாதப் பக்கம், சேவிஸ் பற்றுச்சீட்டுகள், ஒவ்வொரு சேவிஸிலும் எடுக்கும் பற்றரி ஆரோக்கிய அறிக்கை எல்லாவற்றையும் போட்டு வருகிறேன்.