கருப்புத் தண்ணீர்

"எழுதிட்டீங்களா சார்?" என்று கேட்டார். "எழுதிட்டேன்ணே" என்றேன். எழுதியிருக்கவில்லை.

மாலிப்டனம் தேடி அரூர்ப் பக்கத்தில் போட்ட துளையின் கோர் பெட்டிகள், அதாவது துளையிலிருந்து உருளையாக எடுத்த பாறையை அடுக்கிய பெட்டிகள், பெங்களூர் பீன்யா ஷெட்டுக்கு வந்த அன்று நடந்தது இது. கேட்டவர் துளைபோடும் ரிக்கில் உதவியாளாக இருந்தவர். பெட்டி இறக்க லாரியோடு வந்திருந்தார். ஷெட்டில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தமிழ். நான் லாகிங் செய்துகொண்டே, அதாவது பாறையைப் பார்த்து அட்டவணையில் குறித்துக்கொண்டே போக, ஒரு பெட்டியில் விரலை வைத்து நிறுத்தினார். ஒரே மூச்சில் துளைத்த ஒன்றரை மீட்டர் ரன்னில் 1.12 மீட்டர்தான் கோர் வந்திருந்தது. மீதி 38 சென்டிமீட்டருக்கு இடம் நிரப்ப மரக்கட்டை.

"இந்த எடத்துல துளைக்குள்ள விட்ட தண்ணி கருப்பா திரும்புச்சு சார். கையில பட்டா பென்சில் தூளாட்டம் மினுக்குது."

"கிராஃபைட்டா இருக்கும்ணே."

"இருக்கலாம் சார். ஒரு வார்த்த எழுதி வெச்சுக்கோங்க."

மாலிப்டனத்தின் தாதுவான மாலிப்டனைட்டுக்கும் கிராஃபைட்டுக்கும் இந்தக் குழப்பம் பழையது. 1778ல் ஷீலே இரண்டும் வேறு என்று காட்டும்வரை வேதியியலாளர்களே ஒன்றாகத்தான் நினைத்திருந்தார்கள். மாலிப்டனம் என்ற பெயரே ஈயத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வெள்ளைப் பீங்கானில் தேய்த்தால் மாலிப்டனைட்டின் கோட்டில் லேசாகப் பச்சை தெரியும். ஆனால் தேய்த்துப் பார்க்க என்னிடம் என்ன இருந்தது? மரக்கட்டைதான்.

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டேன். போட்டிருக்க வேண்டாம். அந்த விட்டத்துக் கோர் ஒன்றரை மீட்டர் என்றால் சுமார் ஏழு கிலோ. அது 0.1 சதவீத மாலிப்டனம் காட்ட ஏழு கிராம் உலோகம் போதும். கனிமமாகச் சுமார் பன்னிரண்டு கிராம். கோருக்குக் குறுக்கே ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் ஓர் ஏடு. அவ்வளவுதான். குவார்ட்ஸ் நரம்புக்குள்தான் அது இருக்கும். மோஸ் அளவில் குவார்ட்ஸின் கடினம் 7, மாலிப்டனைட்டுக்கு ஒன்றோ ஒன்றரையோ. நரம்பு நொறுங்கும் இடத்தில் துளைத்தண்ணீர் முதலில் கழுவிக்கொண்டு போவது எதையாக இருக்கும்?

அமெரிக்காவில் கொலராடோவின் கிளைமாக்ஸ் மாலிப்டனச் சுரங்கம் மாதிரியான இடமென்றால் கவலையில்லை. அங்கே மயிரிழை நரம்புகள் பாறை முழுக்க வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. ஓர் ஏடு போனால் அடுத்தது ஈடுகட்டும். நம் பக்கத்தில் அது நைஸ் பாறைக்குள் தனித்தனிக் குவார்ட்ஸ் நரம்புகளில், திட்டுத்திட்டாக இருக்கிறது. இங்கே 38 சென்டிமீட்டர் சின்ன விஷயம் இல்லை.

வராத கோரில் மாலிப்டனம் பூஜ்யம் என்று போட்டேன். அது தப்பில்லை, இப்போதும் அப்படித்தான் போடுவேன். 1997ல் இந்தோனேசியாவின் புசாங்கில் மாதிரிகளில் தங்கத்தைக் கலந்து உலகத்தையே ஏமாற்றியது வெளிவந்ததைப் பாடமாகப் படித்து வந்தவர்கள் நாங்கள். இல்லாததை இருப்பதாக எழுதுவதுதான் எங்களுக்குப் பயம். அந்த ரன் சராசரியில் அடிபட்டது, துளையும் தோண்டத் தகுந்த வரம்புக்குக் கீழே போனது. அதோடு அந்தக் கருப்பு ராடுக்குப் பூசும் கிரீஸாகவும் இருந்திருக்கலாம். கிரீஸும் தண்ணீரைக் கருப்பாக்கும்.

ஆனால் கிரீஸ் மினுக்குமா?

பூஜ்யம் போட்டது ஒன்று, குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டது வேறொன்று. இரண்டையும் நான் வேண்டுமென்றே ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறேனோ என்று சந்தேகம் வருகிறது. 'திரும்பிய நீர் கருப்பு, உதவியாள் சொன்னது' என்று எழுதினால் எந்தச் சராசரியும் மாறியிருக்காது. யாராவது படித்து, பக்கத்தில் இன்னொரு துளை போடச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் போயிருக்கலாம். மேலே இருப்பவர் "யாரு பார்த்தது?" என்று கேட்டால் என்ன சொல்வது என்றுதான் அப்போது யோசித்தேன். நான் பார்க்கவில்லை. அந்தத் துளை போட்ட நாட்களில் நான் பெங்களூரில் முந்தைய துளையின் அட்டவணையைத் திருத்திக்கொண்டிருந்தேன். நான் அங்கே நின்றிருந்தால் ஒரு பக்கெட்டில் சேற்றைப் பிடித்து வைக்கச் சொல்லியிருப்பேன். அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டியவனும் நான்தான்.

லாரி கிளம்பும்போதுதான் எழுதிவிட்டேனா என்று கேட்டார். என் லேப்டாப் அப்போது பைக்குள் இருந்தது. பை தோளில் இருந்தது. அதை அவரும் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.